பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் பதில் சொல்லும்

கட்டளை வரி அடித்து ஏஐ ஏஜென்டை வேலைக்குழுவில் இணைத்துவிடுகிற எங்கள் தொழிலில், 'இணைப்பு கிடைத்தது' என்று திரையில் பச்சை எழுத்து வந்தபிறகுதான் உண்மையான தலைவலியே ஆரம்பிக்கும்.

என்னைப் போல் கருப்புத் திரையோடு மல்லுக்கட்டிப் பிழைக்கிற சகபாவிகள் இதைப் படித்ததும் தலையை ஆட்டுவீர்கள். மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு இடத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் போனில் ஒரு ஆப் வைத்துக்கொண்டு, அதில் குழு போட்டு வேலை விஷயம் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் குழுவுக்குள் இன்னொரு ஆள் மாதிரி ஏஜென்டைக் கொண்டுபோய் உட்காரவைக்க வேண்டும். கேட்டால் பதில் சொல்லும். அடுத்து யார் எங்கே போக வேண்டும் என்று வரிசை போடும். இந்த இணைப்பு வேலைக்குப் படம், பட்டன் எதுவும் கிடையாது. கருப்புத் திரையில் வரிவரியாக அடிக்க வேண்டும். ஒரு எழுத்து தப்பினால் கோபித்துக்கொள்ளும். என்ன கோபம் என்று மட்டும் சொல்லாது.

சென்னை வேலையை விட்டுவிட்டு சொந்த ஊரான பெருநகர் கிராமத்துக்கே திரும்பி வந்து, உத்திரமேரூரில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து நான் இந்தத் தொழிலைச் செய்கிறேன். இங்கே சொல்லப்போவது தணிகாசலம் அண்ணனிடம் நான் பட்ட பாடு. அவர் நெல் அறுக்கும் வண்டிகள் வைத்து வாடகைக்கு விடுகிறவர். சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுவடை தொடங்குகிற நேரம். சாயங்காலமானால் மேகம் கூடி மிரட்டுகிற மாதம். அவர் வரிசையில்தான் எங்கள் அம்மாவின் குத்தகை நிலமும் இருந்தது. ஏரியை ஒட்டின தாழ்ந்த நிலம். மழை விழுந்தால் கதிர் சாய்ந்துவிடும், டயர் வண்டி உள்ளே இறங்காது, நெல் நின்ற இடத்திலேயே முளைத்துவிடும். நான் இணைக்கிற ஏஜென்ட் ஒழுங்காக வேலை செய்தால்தான் எங்கள் நெல் வீடு வந்து சேரும் என்ற நிலைமை. அந்த நாட்களில் எனக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

கரண்ட் போன டிவி

அண்ணனின் ஆபீஸ் மானாம்பதி ரோட்டில் ஒரு தகர ஷெட். முன்பக்கம் வண்டிகள், பின்பக்கம் வீடு. போன சொர்ணவாரியில் அவர் வெளியூர் போன சமயம் பார்த்து, 'மொதலாளி சொல்லிட்டாரு' என்று ஆளாளுக்கு டிரைவரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் மனைவி கோமதி அக்காவின் சொந்தத் தம்பியே அக்கா போனை எடுத்து, அக்கா சொல்வதுபோல் குழுவில் செய்தி அடித்து, வண்டியைத் தன் நிலத்துக்குத் திருப்பிக்கொண்டார். வரிசையில் காத்திருந்தவர்கள் ஷெட்டுக்கே வந்து சட்டையைப் பிடித்தார்கள். அதனால்தான் இந்த வருஷம் ஏஜென்ட். இனிமேல் ஏஜென்ட் குழுவில் போடுகிற செய்தியைப் பார்த்துத்தான் வண்டி நகரும், யாருடைய வாய்ச்சொல்லும் செல்லாது என்று அண்ணன் சட்டம் போட்டுவிட்டார்.

முதல் நாள் ஷெட்டிலிருந்த பழைய லேப்டாப்பைத் திறந்து வேலையை ஆரம்பித்தேன். அண்ணன் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் அடிக்க அடிக்கக் கருப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடியது. ஏதாவது பொம்மை வரும், வண்டி ஓடும், கலர் தெரியும் என்று ரொம்ப நேரம் பொறுமையாகத்தான் இருந்தார். கடைசியில் திரையை முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னாம்மா, பெரிய வேலைன்னு சொல்லிட்டு கரண்ட் போன டிவிய காட்டிக்கினு கீற?"

நான் இல்லாதபோதும் நான்

ஏஜென்டைக் குழுவில் சேர்க்கும்போது அதற்கு ஒரு பேரும் படமும் கொடுக்க வேண்டும். 'நெல்மணி' என்று வைக்கலாமா என்றேன். உதட்டைப் பிதுக்கினார். 'உழவன்' என்றேன். அது பூச்சி மருந்து பேர் மாதிரி இருக்கிறது என்றார். உள்ளே போய், மகள் கல்யாணத்தில் எடுத்த போட்டோவைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டுத் துண்டு, முறைப்பு.

"அண்ணே, உங்க போட்டோவா?" என்றேன். "போட்டோ மட்டும் இல்ல. நான் இல்லாதப்பவும் நான் கீறேன்னு பசங்களுக்கு ஒரு பயம் இருக்கணும். என் பேரையே வை."

அந்தாண்ட பாருங்க

யார் வேண்டுமானாலும் ஏஜென்டிடம் பேசிவிட முடியாது. முதல் முறை ஒருவர் செய்தி அனுப்பினால் அது ஒரு ரகசிய எண்ணைத் திருப்பி அனுப்பும். அந்த எண்ணை அவர் என்னிடம் சொல்ல வேண்டும். நான் கருப்புத் திரையில் அடித்து 'இவர் நம்ம ஆள்' என்று ஒப்புதல் கொடுக்க வேண்டும். சுலபமான வேலை என்றுதான் நினைத்தேன். டிரைவர்கள் மூன்று பேரையும் உட்காரவைத்து, "எண் வந்துச்சா? சொல்லுங்க" என்றேன். மூன்று பேரும் போனை மார்போடு அணைத்துக்கொண்டார்கள்.

மூத்த டிரைவர் ஏழுமலைதான் தலைவர். நம்பர் வந்தால் பெற்ற தாய்க்கும் சொல்லக்கூடாது என்று போன் மணி அடிக்கும்போதெல்லாம் ஒரு பொண்ணு சொல்கிறதே, நான் எப்படிக் கேட்கலாம் என்றார். இது பேங்க் நம்பர் இல்லை என்றேன். ஏமாற்றுகிறவர்களும் அப்படித்தான் சொல்வார்களாம். டீ வந்தது, குடித்தோம், நம்பர் காலாவதியானது. இன்னொரு தடவை அனுப்பச் சொன்னேன். அதுவும் காலாவதியானது. எனக்கோ நேரம் போகப்போக அம்மாவின் நெல் கண் முன்னால் ஆடுகிறது. கடைசியில் ஏழுமலை பெருந்தன்மையோடு ஒரு வழி சொன்னார். லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, ஒற்றை விரலை நீட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார்: "நானே அடிக்கிறேன். நீங்க அந்தாண்ட பாருங்க மேடம்."

வெள்ளிக்கிழமை

ஏஜென்ட் ஓடுவது அந்த லேப்டாப்பில்தான். மூடினால் அதுவும் தூங்கிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை காலை இணைப்பு அறுந்துவிட்டது. உத்திரமேரூரிலிருந்து என்னென்னவோ தட்டிப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல்கூட பஸ் பிடித்து ஓடினேன். ஷெட்டில் எல்லா வண்டிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்துப் பூ சாத்தியிருந்தார்கள். லேப்டாப்பின் நெற்றியிலும் மூன்று விரல் சந்தனம், நடுவே குங்குமம், மூடி மூடப்பட்டு மேலே ஒரு முழம் கதம்பம். கோமதி அக்கா கற்பூரத் தட்டோடு நின்றிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "வாரம் பூரா வேலை செய்யுதே, வெள்ளிக்கெயமயாவது செத்த கண்ண மூடட்டும்னு நான்தான் மூடி வெச்சேன்."

பச்சை விளக்கு

இணைப்பு சரியாக இருக்கிறது. குழுவில் அண்ணன் படத்துக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு எரிகிறது. டிரைவர்கள் செய்தி மேல் செய்தி போடுகிறார்கள். ஏஜென்ட் வாயைத் திறக்கவில்லை. சகபாவிகளே, இந்த நிலைமை உங்களுக்குத் தெரியும். அறுந்து போனால்கூட நிம்மதி, காரணம் தேடலாம். எல்லாம் சரியாக இருந்துகொண்டு ஒன்றும் நடக்காவிட்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது? நிறுத்தித் திரும்ப ஓடவிட்டேன். ஏஜென்டின் ரகசியச் சாவிச் சொல்லை மாற்றினேன். அனுமதியெல்லாம் அழித்துத் திரும்பக் கொடுத்தேன். ஷெட்டைச் சுற்றி நடந்தேன். வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தேன்.

கடைசியில் குழுவில் வந்த செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தபோதுதான் தெரிந்தது. குழுவில் பத்துப் பேர் பேசிக்கொண்டிருக்கும்போது ஏஜென்ட் குறுக்கே பேசாமல் இருக்க ஒரு விதி உண்டு. @ போட்டு அதன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அது திரும்பிப் பார்க்கும். இவர்களோ 'மொதலாளி வண்டி ரெடி', 'அண்ணே டீசல் தீந்துபோச்சு', 'ஐயா எங்க போகணும்' என்றுதான் அடித்திருந்தார்கள். ஒருவர்கூடப் பேரைச் சொல்லவில்லை. பேரை அடித்தால் போதும் ஏழுமலை என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "மொதலாளிய பேரு சொல்லி கூப்ட்டுட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அவரு வண்டியில ஏறுவேன் மேடம்?"

தங்கமான முதலாளி

சரி, பேர் சொல்லாமலே பேசட்டும் என்று அந்த விதியை எடுத்துவிட்டேன். ஒரே ஒரு வரி. அடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள் விடிந்ததும் குழுவில் வழக்கம்போல் ரோஜாப்பூ, பிள்ளையார், டீ கிளாஸ் என்று காலை வணக்கப் படங்கள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றுக்கும் ஏஜென்ட் அண்ணன் முகத்தோடு, 'இனிய காலை வணக்கம்! இன்று உங்களுக்கு நான் எப்படி உதவட்டும்?' என்று பதில் போட்டிருந்தது. எப்போதும் முறைத்துக்கொண்டிருக்கிற முதலாளி, எப்படி உதவட்டும் என்று கேட்டால் யார்தான் சும்மா இருப்பார்கள்? ஒரு டிரைவர் உடம்பு வலி என்று அடித்தார். 'நீங்கள் நன்றாக ஓய்வெடுங்கள்' என்றது. இன்னொருவர் மச்சான் வீட்டு விசேஷம் என்றார். 'மகிழ்ச்சியாகக் கொண்டாடிவிட்டு வாருங்கள்' என்றது. அறுவடை நேரத்தில் வண்டிகள் ஷெட்டில் வரிசையாக நின்றன.

அண்ணன் ஆடிய ஆட்டத்தில் தகரக் கூரை அதிர்ந்தது. உடனே பழைய விதியையே திரும்பப் போடச் சொன்னார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் பதில். கேள்வி யாரும் கேட்கலாம், வரிசையை மாற்றுகிற உத்தரவு அவரும் கோமதி அக்காவும் மட்டும்தான் கொடுக்கலாம். இனி இதில் யாரும் கைவைக்கக் கூடாது. டிரைவர்கள் வேறு வழியில்லாமல், '@தணிகாசலம் மொதலாளி அவர்களே, மன்னிக்கணும், டீசல் தீந்துபோச்சு' என்று அடிக்கப் பழகினார்கள். போகும்போது ஏழுமலை என் காதோரம் சொல்லிவிட்டுப் போனார்: "இத்தினி வருசத்துல மச்சான் வூட்டு விசேசத்துக்கு லீவு குடுத்த ஒரே மொதலாளி இவருதான் மேடம். முடிஞ்சா இவரயே வெச்சிக்கினு அவர அனுப்பிடுங்க."

ஏங்க

டிரைவர்கள் வழிக்கு வந்தார்கள். கோமதி அக்கா வரவில்லை. வண்டி கேட்டு வருகிற போனையெல்லாம் எடுப்பவர் அவர்தான். யார் நிலம் முற்றியிருக்கிறது, யார் நிலத்தில் ஈரம் என்று ஊர் ஊராகக் கேட்டு வைத்திருப்பவரும் அவர்தான். ஆனால் ஏஜென்டிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. எனக்குப் போன் போட்டு, "ரேவதி, அத்த கொஞ்சம் கேட்டு சொல்லேன்" என்பார். சந்தேகம் கேட்க நான் போதும். உத்தரவு கொடுக்க என்னால் முடியாதே. அதனால் ஒருநாள் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தேன். போனை வாங்கினார், புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார், 'ஏங்க' என்று அடித்தார். ஏஜென்ட் பேசவில்லை. 'ஏங்க, ஒங்களத்தான்' என்று அடித்தார். அதற்கும் பேசவில்லை.

அக்கா, அது வெறும் மிஷின், பேர்தான் அண்ணன் பேர் என்றேன். பேரு, மூஞ்சி ரெண்டும் அவருடையதாக இருக்கும்போது அப்புறம் மிஷினில் மீதி என்ன இருக்கிறது என்று கேட்டார். வீட்டில் அவர் அண்ணனைக் கூப்பிடுவது 'தனம் அப்பா' என்று. மகள் தனம் பிறப்பதற்கு முன்னால் என்னவென்று கூப்பிட்டாராம்? கூப்பிடவே இல்லையாம், வளையலை ஆட்டுவாராம். ஒரு வரி அடித்தால் போதும், ஏஜென்ட் பேரை மாற்றிவிடலாமா என்று அண்ணனிடம் இரண்டு முறை கேட்டேன், முறைத்தார். ஒரு பேர்தானே அக்கா, வாயால்கூட இல்லை, விரலால்தானே என்று நான் சிரித்தது தப்பு. போனை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நீ ஒர்த்தன கட்டிக்கினு வந்து இங்க ஒக்காரு, அப்புறம் விரலா வாயான்னு நாம பேசலாம்."

அம்மாவின் கேள்வி

பெருநகரில் அம்மா காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் நிலத்துக்குப் போய்க் கதிரைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு வருவார். வந்ததும் கேள்வி, நம்ம முறை எப்போது? சாலவாக்கத்து நிலம் முடிந்த பிறகு என்பேன். மறுநாள் கேட்டாலும் அதுதான் பதில். பக்கத்து நிலத்துக்காரர்கள், பொண்ணு கையில் மிஷினை வைத்துக்கொண்டு உனக்கென்ன கவலை என்று அம்மாவைச் சீண்டினார்கள். உத்தரவு கொடுக்கிறவர்கள் பட்டியலில் என் பேரைச் சேர்க்காமல் விட்டதே நான்தான். எங்கள் நிலமும் வரிசையில் இருக்கும்போது அந்த அதிகாரம் என் கையில் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அம்மாவிடம் இதைப் பெருமையாகச் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை, ஏரிப் பக்கம் திரண்ட மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊருக்கெல்லாம் வரிச போடற. உன் வூட்டு நெல்லு மட்டும் நட்டுக்கினு நிக்கிது."

சரி, சரிப்பா, சரிங்க

அன்றைக்கு அண்ணனுக்குக் காஞ்சிபுரத்தில் கண்புரை ஆபரேஷன். சாயங்காலம் வரை யாரும் கூப்பிட வேண்டாம் என்று போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெராக்ஸ் கடை மாடியில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை, ஷெட்டுக்கு வந்து லேப்டாப் முன்னால் உட்கார்ந்துவிட்டேன். மத்தியானம் மானாம்பதி அறுப்பு முடிந்தது என்று ஏழுமலை முறைப்படி மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செய்தி போட்டார். அடுத்து சாலவாக்கம் என்றது ஏஜென்ட். அங்கே மேல்நிலத்துத் தண்ணீர் உடைத்துக்கொண்டு வந்து வயலில் நிற்கிறது, வண்டி புதைந்துவிடும், நிலத்துக்காரரே வேண்டாம் என்கிறார் என்று ஏழுமலை அடித்தார். உடனே ஏஜென்ட், 'சாலவாக்கத்தைத் தள்ளிவைத்து, அடுத்துள்ள பெருநகருக்கு வண்டியை அனுப்பலாமா? முதலாளி அல்லது கோமதி அவர்கள் உறுதி செய்யவும்' என்றது. பெருநகர் என்றால் எங்கள் நிலம்.

அக்கா 'சரி' என்று அடித்தார். பேர் சொல்லவில்லை, அதனால் ஏஜென்ட் பார்க்கவில்லை. 'சரிப்பா' என்றார். 'சரிங்க' என்றார். 'ஏங்க, சரிங்க' என்றார். மேற்கே வானம் கருத்துக்கொண்டு வந்தது. ஏழுமலைக்கே போன் போட்டு, வண்டியைப் பெருநகருக்கு எடு என்றார். "குரூப்புல வரட்டும் அக்கா, போன வருசம் பட்டதே போதும்" என்று வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தி உட்கார்ந்துவிட்டார் அந்த நேர்மைச் சிகரம். அம்மா எனக்கு மூன்று முறை போன் செய்துவிட்டார். நான் எடுக்கவில்லை, என்ன சொல்வது? பேர் சொல்லாமல் பேசுகிற அந்த ஒரு வரியைக் கருப்புத் திரையில் அடித்துவிட்டேன். என்டரைத் தட்டினால் போதும். அடுத்த 'சரி'க்கு வண்டி கிளம்பிவிடும். விரலை அதன்மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னா பண்ற?" என்றார் அக்கா. சொன்னேன். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்கம்மா நெலத்துக்காக நீ ரூல மாத்திட்டேன்னு நாளைக்கு நாலு பேரு பேசுவான். கைய எடு." அப்படியானால் போனைக் கொடுங்கள், உங்களுக்குப் பதில் நான் தட்டுகிறேன் என்றேன். "என் போன்ல வேற ஆளு தட்டிதான் இந்தப் பேஜாரே வந்துச்சு." கையை எடுத்தேன். அவர் எழுந்து, சாமி படம் இருந்த சுவருக்கு முதுகு காட்டி நின்றுகொண்டார். @ குறியைப் போட்டார். பட்டியலில் பட்டுத் துண்டோடு அண்ணன் முகம் வந்து நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு அதன்மேல் கட்டை விரலை வைத்தார். குழுவில் எல்லோரும் பார்க்க, '@தணிகாசலம் பெருநகருக்கு அனுப்புங்க' என்று போய் விழுந்தது. 'உறுதி செய்யப்பட்டது. வண்டி பெருநகர் செல்லலாம்' என்று மறுகணமே பதில் வந்தது. வண்டி கிளம்பவில்லை, ஏழுமலையின் போன்தான் வந்தது. "மேடம், அக்கா போன எவனோ திருடிட்டான் போல கீது, மொதலாளி பேர அடிச்சிகீறான், வண்டிய எடுக்காம நிக்கட்டா?" என்றார். அக்கா என் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். "எவனும் திருடல, நான்தான் கூப்ட்டேன். எடுடா வண்டிய!"

ஏரி ஓரம்

நான் பெருநகர் போய்ச் சேர்ந்தபோது வண்டி ரோட்டோரப் பக்கம் இறங்கி இரண்டு சுற்று முடித்திருந்தது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார். காற்று மாறி மண்வாசனை வந்தது. ஏழுமலை திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார். நெல் கொட்டக்கொட்டத் தார்ப்பாயில் வாரிக் கட்டினோம். ஏரியை ஒட்டின கடைசித் துண்டுக்கு வண்டி திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. சட்டென்று சேறாகிவிட்டது, டயர் இறங்கவில்லை. ஏழுமலை கையை விரித்தார்.

அந்தத் துண்டு மட்டும் கண்ணெதிரே சாய்ந்து படுத்தது. மற்றதெல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் பத்திரமாக இருந்தது. அக்கா முதல் 'சரி'யை அடித்தபோதே வண்டி கிளம்பியிருந்தால் அதுவும் வந்திருக்கும். நான் என்டரைத் தட்டியிருந்தாலும் கொஞ்சமாவது வந்திருக்கும். இதை அம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். மழையில் நனைந்துகொண்டே சாய்ந்த கதிரைப் பார்த்தார், பிறகு தார்ப்பாயைப் பார்த்தார், என் தலையில் தன் துண்டைப் போட்டார். "அது போனா போவுது, மழ வுட்டா கையால அறுத்துக்கலாம். உன் பேரு சேத்துல சாயாம வூடு வந்துச்சே, அத்த சொல்லு."

கருப்புக் கண்ணாடி

இரண்டு நாள் கழித்து அண்ணன் கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஷெட்டில் உட்கார்ந்திருந்தார். போனைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால், தான் இல்லாதபோது குழுவில் நடந்ததையெல்லாம் என்னைப் படித்துக்காட்டச் சொன்னார். ஏழுமலையின் மன்னிப்புகளைப் படித்தேன். ஏஜென்ட் கேட்ட கேள்வியைப் படித்தேன். அக்காவின் நாலு சரியையும் படித்தேன். அடுத்த வரியில் நிறுத்திக்கொண்டேன். மேலே படி என்றார். படித்தேன். "இது யாரு போட்டது?" என்றார். சொன்னேன். அண்ணன் கருப்புக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இன்னொரு முறை கழற்றித் துடைத்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது. பிறகு ரொம்ப மெதுவாக, "ஏம்மா, அந்தப் பேர மாத்த ஒரு வரி போதும்னியே, மாத்திடேன். நெல்மணின்னே வெச்சிடு" என்றார்.

நான் லேப்டாப் பக்கம் திரும்பினேன். உள்ளேயிருந்து காபி டம்ளரோடு வந்த கோமதி அக்கா அதை அண்ணன் கையில் கொடுத்துவிட்டு, போனை எடுத்து அந்தப் படத்தைப் பார்த்து முதன்முதலாகச் சிரித்தார். "அதும்மேல யாரும் கை வைக்காதீங்க. இது நான் கூப்ட்ட வொடனே ஒரே பேச்சுல பதில் சொல்லிச்சு. நெசமா கீறவரு கண்ணாலம் ஆன நாளா எனிக்காவது அப்டி சொல்லிகீறாரா, நீயே கேளு."

இப்போதெல்லாம் அக்கா போனைக் கையில் எடுத்தாலே, ஏஜென்ட் பதில் போடுவதற்கு முன்னால் அண்ணன் ஓடிவந்து எதிரில் நின்றுவிடுகிறார் என்பதுதான், இத்தனை வரி அடித்து நான் உருப்படியாகச் செய்துமுடித்த ஒரே இணைப்பு.